சிவந்த வயலும் நான்கு பச்சை வரிசைகளும்

தன்பின்கொன் கிராமம், மிஞ்சான்
ஆகஸ்ட் 27, 1994

சான் நியுனுக்கு,

நலம் விசாரிக்க இந்தக் கடிதம் எழுதவில்லை. கூடப் பிறந்த அக்காவை மூன்று வருடமாக மறந்து இருக்கிறவனுக்கு நலத்தில் என்ன குறை வந்துவிடப் போகிறது? இது புகார்க் கடிதம்.

நீ போய் ஒண்டிக்கொண்டிருக்கிற அந்தப் பருத்திப் பண்ணை ஊர் ஊராகக் கொடுத்த நீள இழை விதையை நம்பி, இந்த வருடம் கிழக்கு வயல் முழுக்கப் போட்டேன். செடி இடுப்புக்கு மேல் வந்தது. காய் பிடித்த பிடியைப் பார்த்து ஊரே கண் வைத்தது. இப்போது வயல் செம்புப் பாத்திரம் மாதிரி சிவந்து கிடக்கிறது. தத்துப்பூச்சி என்று நினைத்து இரண்டு முறை மருந்து அடித்தேன். பூச்சி செத்திருக்கலாம், சிவப்பு சாகவில்லை.

ஊர்த்தலைவர் ஊ க்யா டூனின் வயல் என் மேற்கு வரப்பை ஒட்டி இருப்பது உனக்குத் தெரியும். போன வருடமே அவரும் அதே விதையைப் போட்டு நன்றாக எடுத்தார். அவர் ஊர்ச் சத்திரத்தில் ஆட்களைக் கூட்டிவிட்டார். "இது ஒட்டுநோய்ம்மா. இன்னிக்கி உன் வயலு, நாளைக்கி எங்க வயலு. மழைக்காலம் முடியற தடின்ஜூ பௌர்ணமிக்குள்ள சரியாகலேன்னா வேரோட புடுங்கி எரிச்சிடணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒருவரும் எனக்காக வாய் திறக்கவில்லை. காய் நிறைந்த செடியை என் கையாலேயே பிடுங்க வேண்டுமாம். அதைவிட என் விரல்களைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

இலை ஒன்று வைத்திருக்கிறேன். படித்தவர்கள் யாரிடமாவது காட்டிப் பதில் போடு. உன் வீட்டில் இருக்கிறவளிடம் காட்ட வேண்டாம்.

சோ யின்

*

பருத்திப் பண்ணைக் குடியிருப்பு, சௌசே அருகில்
செப்டம்பர் 2, 1994

மதிப்பிற்குரிய டோ சோ யின் அக்காவுக்கு,

காட்ட வேண்டாம் என்று நீங்கள் எழுதிய அந்த ஆள்தான் எழுதுகிறேன். கைங் யூ. உங்கள் தம்பியின் மனைவி.

அவர் மக்வேயில் பஞ்சு அரைக்கும் இயந்திரம் மாட்டும் வேலைக்குப் போயிருக்கிறார், மழைக்காலம் முடிந்துதான் வருவார். பிறர் கடிதத்தைத் திறக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் உறையிலிருந்து சாறு கசிந்து தபால்காரர் முகம் சுளித்தார். நீங்கள் இலையைப் பாலித்தீனில் சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள். வந்து சேர்ந்தது இலை அல்ல, ஊறுகாய்.

பண்ணையில் இலை பார்க்கிற வேலையில் இருப்பவள் நான் ஒருத்திதான். நீங்கள் யாரிடம் காட்டச் சொன்னாலும் அது சுற்றிச் சுற்றி என் மேசைக்குத்தான் வரும். ஆகவே உங்கள் கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கோபம் எங்கும் ஓடிவிடாது.

அழுகியது போக மிச்சத்தில், நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி சிவப்பாகவும் தெரிகிறது. அப்படியானால் மெக்னீசியம் என்கிற சத்து குறைந்திருக்க வேண்டும். நோய் இல்லை, பசி. ஒரு வயலின் பசி அடுத்த வயலுக்கு ஒட்டாது. இதைத் தலைவரிடம் சொல்லலாம்.

ஆனாலும் மூன்று கேள்விகள். அந்த இலையைச் செடியின் அடியிலிருந்து பறித்தீர்களா, உச்சியிலிருந்தா? சிவப்பு இலையின் ஓரத்திலா, நரம்புகளுக்கு நடுவிலா? இலையைத் திருப்பினால் பச்சைநிறக் குட்டிப் பூச்சிகள் குறுக்காக ஓடுகின்றனவா?

கைங் யூ

*

தன்பின்கொன்
செப்டம்பர் 8, 1994

கைங் யூ அவர்களுக்கு,

தம்பிக்கு எழுதினால் தம்பி பெண்டாட்டி பதில் போடுகிறாள். எங்கள் ஊரில் பூச்சி எண்ண வந்த அரசாங்க உத்தியோகக்காரி, போகும்போது என் தம்பியையும் சேர்த்து எண்ணி எடுத்துக்கொண்டு போனாள். இப்போது அவன் தபாலையும் எடுத்துக்கொண்டாள். நல்லது.

நான் உங்கள் கல்யாணத்தை ஒப்பவில்லை என்பதில் ஒளிவு மறைவு இல்லை. நீங்கள் பிறந்த கிழமையும் அவன் பிறந்த கிழமையும் சேராது என்று ஜோசியர் சொன்னார். நீங்கள் ஒருமுறை கட்டி முறித்தவர், அவனைவிட மூத்தவர். கல்யாண அழைப்பாக வழக்கப்படி நீங்கள் அனுப்பிய தேயிலைப் பொட்டலத்தைக் கட்டுப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். இப்போது உங்களிடம் இலை வைத்தியம் கேட்கிறேன். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், செடி என்னுடையது.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். இலை என்றால் இலைதானே என்று அடியில் குனிந்து கைக்கு வந்ததைப் பறித்தேன். நீங்கள் கேட்ட பிறகு போய்ப் பார்த்தேன். அடியில் ஒன்றிரண்டுதான் அப்படி இருக்கிறது. சிவப்பு முழுக்க மேல்பாதியில், காய் கனத்துத் தொங்குகிற பக்கத்தில். ஓரம் கருகி, தொட்டால் நொறுங்குகிறது. நடுவில் பழுப்பும் சிவப்பும் கலந்த ஒரு நிறம். நரம்பு மட்டும் பச்சை என்றெல்லாம் இல்லை. காய்கள் சிறுத்துவிட்டன, முதலில் வந்த காய் வாயைப் பாதி திறந்து அப்படியே நிற்கிறது. பூச்சி ஒன்றுகூட இல்லை. இரண்டு முறை விஷம் அடித்த வயலில் எது இருக்கும்?

தலைவரிடம் "இது பசிதான், நோய் இல்ல" என்றேன். "பசின்னா சோறு போட்டியா? போட்டும் சிவக்குதே" என்றார். யூரியா போட்டதை அவர் பார்த்திருக்கிறார்.  இதற்கு நான் என்ன சொல்ல வேண்டும்? நீங்களே எழுதுங்கள்.

சோ யின்

*

பருத்திப் பண்ணை
செப்டம்பர் 13, 1994

அக்காவுக்கு,

மெக்னீசியம் என்று நான் சொன்னது தவறு. அது அடியிலையில் தொடங்கும், உங்கள் வயலில் உச்சி சிவக்கிறது. அழுகிய ஒரே இலையை வைத்துத் தீர்ப்புச் சொன்ன அவசரம் என்னுடையது. தத்துப்பூச்சியும் இல்லை என்று ஆகிறது. தழைச்சத்துக்கும் குறைவில்லை, யூரியா போட்டிருக்கிறீர்கள். அது குறைந்தால் செடி வெளிறிப்போகும், இப்படிக் கருகாது.

எனக்கு இப்போது ஒரு சந்தேகம் இருக்கிறது. மறுபடி அவசரப்படாமல் இருக்க இரண்டு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, உச்சியிலிருந்து நான்காவது ஐந்தாவது இலையின் காம்புகளை மட்டும் இருபது முப்பது செடிகளில் கிள்ளி, நிழலில் உலர்த்தி, காகிதத்தில் மடித்து அனுப்புங்கள். தயவுசெய்து காகிதம்.

இரண்டாவது முக்கியமானது. எல்லோரும் எங்கே சிவப்பு என்று பார்ப்பார்கள். நீங்கள் எங்கே சிவக்கவில்லை என்று பாருங்கள். வயல் முழுக்க நடந்து, பச்சையாக நிற்கிற இடம் ஏதாவது இருந்தால், அங்கே முன்பு என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தின் நடுப்பகுதிக்கும் ஒரு பதில். ஆம், நான் கட்டி முறித்தவள். உங்கள் தம்பியைவிட நான்கு வயது மூத்தவள். இரண்டையும் அவரிடம் முதல் நாளே சொன்னேன். அவர் "சரி, சாப்பிட்டாச்சா?" என்றார். அதற்குப் பிறகு நான் ஜோசியரிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

கைங் யூ

*

தன்பின்கொன்
செப்டம்பர் 17, 1994

கைங் யூ,

"சாப்பிட்டாச்சா" என்று கேட்டானா? அது அவனேதான். வீடு தீப்பிடித்தாலும் அதைத்தான் கேட்பான்.

காம்புகள் காகிதத்தில் இருக்கின்றன. அழுகவில்லை, முகர்ந்து பார்த்துத்தான் மடித்தேன்.

வயல் முழுக்க நடந்தேன். பச்சை ஒரே இடத்தில் இருக்கிறது. வடக்கு மூலையில், பனைமரங்களுக்குப் பக்கத்தில், இரண்டு மாட்டு வண்டி நிறுத்துகிற அளவு. அங்கே செடி கறுத்த பச்சையில், காய் கோழிமுட்டை பருமனில், வாய் நன்றாகத் திறந்து பஞ்சு தொங்க நிற்கிறது. அதே விதை, அதே யூரியா, அதே மழை.

அங்கே முன்பு இருந்தது உங்கள் புருஷனின் கருப்பட்டிக் கொட்டகை. பதநீர் காய்ச்சுகிற பெரிய அடுப்பு. அவன் உங்களோடு போன மறுநாளே அதைப் பிரித்துப்போட்டேன். பனைகளைப் பனையேறி கோ லூனுக்குக் குத்தகைக்கு விட்டேன். "இங்க காச்சாத, குளத்துப்பக்கம் போயிக் காச்சு. சாம்பலையும் நீயே அள்ளிட்டுப் போ. என் நெலத்துல ஒரு பிடி விழக் கூடாது" என்றேன். "சாம்பல் என்னக்கா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டான். "அது எங்க தம்பியோட வேலையை ஞாபகப்படுத்துது" என்றேன். அவன் அதை இப்போது சோப்புக் காய்ச்சுகிறவருக்குக் கொடுக்கிறான்.

சான் நியுன் இருந்தபோது வருடா வருடம் உழவுக்கு முன்னால் அந்தச் சாம்பலை வண்டி வண்டியாக வயலில் இறைப்பான். குப்பையை ஒழிக்கிறான் என்று நினைத்தேன். அவனும் அதைத்தான் நினைத்திருப்பான், பெரிய விஞ்ஞானி ஒன்றுமில்லை.

இதில் உங்களுக்கு என்ன புரிகிறது? எனக்குப் புரிவது எனக்குப் பிடிக்கவில்லை.

சோ யின்

*

பருத்திப் பண்ணை
செப்டம்பர் 22, 1994

அக்காவுக்கு,

உங்களுக்குப் புரிந்ததுதான் சரி. காம்புகளையும் சோதித்துவிட்டேன், இனிச் சந்தேகம் இல்லை. உங்கள் வயலுக்குக் குறைவது சாம்பல் சத்து, பொட்டாசியம் என்பார்கள்.

செடி காய்க்கு அனுப்புகிற உணவில் இது பெரிய பங்கு. மண்ணில் போதாவிட்டால் காய் பக்கத்து இலையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். பழைய குட்டை இழைப் பருத்தி கொஞ்சமாகக் காய்த்தது, கொஞ்சமாகக் கேட்டது. இந்த விதை ஒரேயடியாகக் காய்க்கிறது, ஒரேயடியாகக் கேட்கிறது. மூன்று வருடமாக நீங்கள் அந்த நிலத்துக்கு யூரியா மட்டும் போட்டிருக்கிறீர்கள். பந்தியில் சோற்றை மலையாகக் குவித்துவிட்டுக் குழம்பே ஊற்றாத மாதிரி.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு நல்ல கோபமும் வந்தது. அழைப்பைத் திருப்பி அனுப்பியதை நான் பொறுத்துக்கொண்டேன். அன்று உங்கள் தம்பி சாப்பிடாமல் படுத்ததை நான் பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை. இதை எழுதாமல் வைத்தியம் மட்டும் எழுதினால் நான் பொய்யானவள் ஆவேன். எழுதிவிட்டேன். இனி வைத்தியம்.

மாண்டலே கடையில் வாங்கிய, அதே சத்துள்ள உப்பு மாதிரியான தூள் பொட்டலம் ஒன்றை மிஞ்சான் பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கிறேன். அதிகம் போட்டால் இலை கருகும், கை தாராளம் வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வயல் முழுக்கப் போதாது. ஆகவே தலைவர் வயலை ஒட்டிய மேற்கு ஓரத்தில் நான்கு வரிசைக்கு மட்டும், வாரம் ஒருமுறை. மற்ற வரிசைகளுக்குச் சாம்பலைக் கொத்திவிட்டு நீர் பாய்ச்சுங்கள். அது மெதுவாகத்தான் வேலை செய்யும். தலைவர் வரப்பில் நின்றாலே வித்தியாசம் தெரிய வேண்டும்.

ஒன்று மறக்காதீர்கள். சிவந்த இலை திரும்பப் பச்சையாகாது. அதைப் பார்த்துக்கொண்டு மனம் உடையாதீர்கள். இனி வருகிற துளிரை மட்டும் பாருங்கள்.

கைங் யூ

*

தன்பின்கொன்
அக்டோபர் 10, 1994

கைங் யூ,

தெளித்தேன். நான்கு வரிசை, சொன்ன அளவு, சொன்ன நேரம். சாம்பலுக்குக் கோ லூனிடம் போனேன். "ஒரு பிடி விழக் கூடாதுன்னீங்களே அக்கா" என்று பல்லைக் காட்டினான். "இப்ப வண்டி வண்டியா விழணும். வாயை மூடிட்டு அள்ளு" என்றேன். பறிப்பு முடிந்ததும் காய்ந்த பருத்திமார் முழுக்க அவன் அடுப்புக்கு, சாம்பல் முழுக்க என் வயலுக்கு என்று பேசி முடித்தாயிற்று. சோப்புக்காரர் வேறு வழி பார்த்துக்கொள்வார்.

உங்கள் கோபத்தைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். அவன் சாப்பிடாமல் படுத்தது எனக்குத் தெரியாது. அவன் சாப்பாட்டை விட்டவனே இல்லை.

இப்போது தலைபோகிற காரியம். தலைவர் வயல் சிவக்கிறது! நேற்று பார்த்தேன், மேல்பாதி இலையெல்லாம் ஓரம் கருகுகிறது. "பாத்தியா, ஒட்டிருச்சு பாத்தியா!" என்று வரப்பில் நின்று ஊருக்கே கேட்கக் கத்தினார். பௌர்ணமி வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டாராம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறார். நீங்கள் ஒட்டாது என்றீர்கள். உங்களை நம்பி நான் சத்திரத்தில் அடித்துச் சொன்னேன். உடனே பதில் போடுங்கள். தந்தி என்றாலும் சரி.

சோ யின்

*

பருத்திப் பண்ணை
அக்டோபர் 13, 1994

அக்கா,

ஒட்டாது என்று இப்போதும் சொல்கிறேன். அவரும் அதே விதை, அநேகமாக அதே யூரியா, இரண்டாவது வருடம். அவர் நிலத்தில் சாம்பல் என்றைக்காவது விழுந்ததா என்று கேளுங்கள். அவர் வயலுக்கும் அதே பசிதான், கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது.

நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்றால் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு சோதனை முடிவோடு வருகிறேன். சத்திரத்தில் நின்று பேச எனக்குப் பயமில்லை. உங்கள் வீட்டில் தங்க வேண்டியதில்லை, மிஞ்சானில் தங்கிக்கொள்வேன். வரட்டுமா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், பஸ் ஏறிவிடுகிறேன். அதுவரை ஒரு செடியைக்கூடத் தொட விடாதீர்கள்.

கைங் யூ

*

தன்பின்கொன்
அக்டோபர் 17, 1994

கைங் யூவுக்கு,

உன் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. அவர்கள் முந்தாநாளே வந்துவிட்டார்கள். அதனால் உனக்காகக் காத்திருக்க முடியவில்லை. நானே பேசிவிட்டேன்.

கையில் மண்வெட்டியோடு பத்துப் பேர் இருக்கும். தலைவர் முன்னால் வந்தார். "வழியை விடும்மா. உனக்கு நஷ்டம்தான், ஊரு பொழைக்கணும்ல" என்றார்.  "எந்தப் பக்கமிருந்து புடுங்கப் போறீங்க?" என்று கேட்டேன். "உன் மேற்கு ஓரந்தான் எங்க வயலை ஒட்டுது, அங்கேருந்து" என்றார். "வாங்க, காட்டுறேன்" என்று நானே கூட்டிக்கொண்டு போனேன்.

போய் வரப்பில் நின்றோம். இந்தப் பக்கம் என் சிவந்த வயல். அந்தப் பக்கம் அவர் சிவந்த வயல். நடுவில் நீ தெளிக்கச் சொன்ன நான்கு வரிசை. உச்சிக்குக் கீழே பழைய சிவப்பு இலை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் உச்சி முழுக்கப் புதுத்துளிர், வாழையிலைப் பச்சை. பிஞ்சு ஒன்றும் கொட்டவில்லை.

"தலைவரே, என் வயல்லேருந்து உங்க வயலுக்கு நோய் வந்துச்சுன்னீங்க. இந்த நாலு வரிசையை மட்டும் தொடாம நொண்டியடிச்சா தாண்டி வந்துச்சு?" என்று கேட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் குனிந்து ஒரு துளிரைக் கிள்ளினார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். "இதுக்கு மட்டும் என்ன போட்ட?" என்றார். குரலில் தலைவர் இல்லை, பயந்துபோன ஒரு குடியானவர் இருந்தார். அவரிடமும் காய் நிறைந்த செடிதானே இருக்கிறது.

உன்னை மாதிரியே கேட்டேன்: "உங்க வயல்ல எங்க செவக்கலே? அதைப் பாத்தீங்களா?" மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு எல்லோரும் அவர் வயலில் இறங்கித் தேடினார்கள். பச்சை எங்குமே இல்லை. அவர் நிலத்தில் ஒருநாளும் சாம்பல் விழுந்ததில்லையாம். பெரிய குடும்பம், குப்பை அள்ளுவது கௌரவக் குறைச்சல். நேற்று அவர் மனைவி என் வீட்டுக்கு வந்து, மீதிப் பொட்டலம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள். பாதி கொடுத்தேன். பாதி போதாது, நீ இன்னொன்று அனுப்பு. அளவை அதன் மேல் பெரிதாக எழுது, அவருக்குக் கண் சரியில்லை.

என் வயலைப் பிடுங்கவில்லை. பிடுங்க மாட்டார்கள். போன வருட விளைச்சல் அளவு வராது என்று தெரியும், வருவதை நான் பறிப்பேன்.

நாளை மறுநாள் தடின்ஜூ பௌர்ணமி. அதற்குப் பிறகு சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து மண்டியிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லுகிற நாட்கள். மூன்று வருடமாக என் வீட்டுக்கு யாரும் வந்து மண்டியிடவில்லை. உன் குணத்துக்கு நீ இந்த வருடம் பழம், மெழுகுவர்த்தியோடு கிளம்பி வந்தாலும் வருவாய் என்று தோன்றியது. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். வராதே.

நீ என் முன்னால் மண்டியிட்டால், வழக்கப்படி நான் "பொறுத்தேன்" என்று சொல்ல வேண்டும். அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன். நீ எனக்குச் செய்த பிழை என்று ஒன்று இருந்தால்தானே பொறுப்பதற்கு? பெரியவள் சின்னவளுக்கு மண்டியிடுகிற வழக்கமும் நம்மிடம் இல்லை. இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

ஆகவே பண்டிகை கழியட்டும். பறிப்பு தொடங்கும்போது வா. மிஞ்சானில் தங்குவேன் என்று எழுதியிருக்கிறாயே, என் வீட்டில் இடமில்லையா? சான் நியுனுக்கு விடுப்புக் கிடைத்தால் வரட்டும். கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா.

உன் நாத்தனார்,
சோ யின்